பேனல் கோடு எவ்வளவு தெரிய வேண்டும்? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 1/72 அளவில் (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) வெளிர் சாம்பல் நிறப் போர் விமான பிளாஸ்டிக் மாடல் ஒன்று செய்தேன். பேனல் கோடுகளில் (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பள்ளங்கள்) கறுப்பு வாஷ் (நீர்க்கக் கரைத்த பெயின்ட்) விட்டுத் துடைத்தேன். கோடுகள் சுத்தமாக வந்தன. ஆனால் முழுசாகப் பார்த்தால் ஓடு பதித்த தரை மாதிரி இருக்கிறது. வாஷே வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

பதில்: வாஷ் இருக்கட்டும், கறுப்பை விட்டுவிடுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். நிஜ விமானத்தில் இரண்டு தகடுகளுக்கு நடுவே 2 மி.மீ. இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை 72-ஆல் வகுத்தால் 0.03 மி.மீ. கூட வராது. கிட்டில் (மாடலின் பாகங்கள் வரும் பெட்டி) அச்சிலேயே வரும் பள்ளமோ குறைந்தது 0.1 மி.மீ. இருக்கும். திருப்பிப் பெருக்கினால் நிஜத்தில் 7 மி.மீ. அகலப் பிளவு! கோட்டின் அகலத்தை நம்மால் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது நிற வேறுபாடு ஒன்றுதான். அடிநிறத்தைவிட ஒன்றிரண்டு படி அடர்த்தியான நிறம் போதும். வெளிர் சாம்பலுக்கு நடுத்தரச் சாம்பலில் துளி பழுப்பு. வெள்ளைக்கு வெளிர் சாம்பல். பச்சைக்கு அடர் பழுப்பு. பாலைவன மணல் நிறத்துக்குச் செம்பழுப்பு. அடர் நீல விமானத்தில் இது தலைகீழ்: அங்கே அடிநிறத்தைவிட வெளிறிய நீலச்சாம்பல்தான் எடுபடும்.

இன்னொன்று, எல்லாக் கோட்டுக்கும் ஒரே கலவையை விடாதீர்கள். நிஜ விமானத்தில் கோடுகள் ஒரே ரகம் கிடையாது. ரிவெட் அடித்து நிரந்தரமாக மூடிய தகட்டு இணைப்பை யாரும் திறப்பதில்லை, அதனால் அழுக்கும் அதிகம் சேராது. நாலடி தள்ளி நின்றாலே கண்ணுக்குத் தெரியாது. மெக்கானிக் அடிக்கடி திறந்து மூடும் எஞ்சின் மூடி, துப்பாக்கி அறை மூடி, எரிபொருள் ஊற்றும் வாய் ஆகியவற்றின் ஓரங்களில்தான் எண்ணெயும் தூசும் படிகிறது. இறக்கையின் அய்லரான், ஃபிளாப், வாலின் ரடர் போன்ற அசையும் பாகங்களின் ஓரத்தில் இருப்பது உண்மையான இடைவெளி. உள்ளே நிழல் விழும். ஆக மூன்று கலவை வைத்துக்கொள்ளுங்கள். நிரந்தர இணைப்புக்கு மிக மெல்லியது, திறக்கும் மூடிகளுக்கு ஒரு படி அடர்த்தி, அசையும் பாகங்களுக்குக் கரும்பழுப்பு. இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

கலக்கும் முறை: ஓவியர்கள் பயன்படுத்தும் ஆயில் பெயின்டை ஒரு அட்டைத் துண்டில் பிதுக்கி அரை மணி நேரம் விடுங்கள். அதிகப்படியான எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு 1 பங்கு பெயின்டுக்கு 8 முதல் 10 பங்கு ஒயிட் ஸ்பிரிட் (ஆயில் பெயின்டைக் கரைக்கும் தின்னர்). இரண்டு கோடுகள் சந்திக்கும் இடத்தில் 00 எண் தூரிகையின் நுனியால் தொட்டால் போதும், திரவம் தானே கோட்டில் ஓடும். இறக்கை முழுக்கப் பூசித் துடைப்பது சோம்பேறி வழி, மெல்லிய வேலைக்கு ஆகாது. 15-20 நிமிடம் கழித்து, ஒயிட் ஸ்பிரிட் தொட்டுப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் காற்று ஓடும் திசையிலேயே துடையுங்கள்: இறக்கையில் முன்னிருந்து பின், உடலில் மூக்கிலிருந்து வால். முதலில் இறக்கையின் அடிப்பக்கத்தில் செய்து பார்த்துவிட்டு மேலே போங்கள்.

கோடே இருக்கக்கூடாத இடமும் உண்டு. பி-51 மஸ்டாங் விமானத்தின் இறக்கை லாமினார் ஓட்டத்துக்காக (காற்று கலையாமல் சீராக ஓட) வடிவமைக்கப்பட்டது. முன்விளிம்பிலிருந்து ஏறக்குறைய 40 சதவீத அகலம் வரை, தொழிற்சாலையிலேயே இணைப்புகளையும் ரிவெட்களையும் புட்டி வைத்து நிரப்பி, தேய்த்து, வெள்ளி நிறம் அடித்தார்கள். பல கிட்களில் அந்த இடத்திலும் கோடுகள் ஆழமாக வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றை நிரப்பித் தேய்த்துவிட்டு, துப்பாக்கி அறை மூடி போன்றவற்றை மட்டும் விட்டுவைப்பதே சரி.

கேள்வி: வாஷைத் துடைக்கும்போது சில இடத்தில் கோட்டிலிருந்தே வந்துவிடுகிறது. சில இடத்தில் துடைத்தும் போகாமல் கறை படிகிறது. ஏன்?

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு.

கறை படிவது மேற்பரப்பு போதுமான வழவழப்பு இல்லாததால். மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட் நுண்ணிய மேடுபள்ளம் கொண்டது, நிறமியைப் பிடித்துக்கொள்ளும். வாஷுக்கு முன் கிளாஸ் கோட் (பளபளக்கும் நிறமற்ற பூச்சு) கட்டாயம். டாமியா எக்ஸ்-22 என்ற அக்ரிலிக் கிளியரை (நிறமற்ற பெயின்ட்) லாக்கர் தின்னருடன் 1-க்கு 1 அல்லது 1-க்கு 2 கலந்து, மெல்லிய இரண்டு மூன்று கோட் அடித்து ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். எனாமல் கிளியர் மேல் எனாமல் வாஷோ ஆயில் வாஷோ போட்டால் கிளியரே கரைந்து குழையும். அடியில் இருப்பதும் மேலே வருவதும் வேறு வேறு கரைப்பானில் இருக்க வேண்டும்.

கோட்டிலிருந்து வெளியேறுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆழம் போதாமை. பிரைமர் (அடிப்பூச்சு), பெயின்ட், கிளியர் என்று ஏறிய அடுக்குகள் மெல்லிய பள்ளத்தைப் பாதி மூடியிருக்கும். பிரைமருக்கு முன்பே, ஸ்கிரைபர் (கோடு கீறும் கருவி) முனையைக் கோட்டில் வைத்து அழுத்தாமல் இரண்டு மூன்று தடவை இழுத்துவிடுங்கள். இறக்கையின் முன்விளிம்பிலும், உடலின் இரு பாதிகள் ஒட்டிய மேல், கீழ் ஓரங்களிலும் கோடு தேய்ந்தே இருக்கும். அங்கே இது கண்டிப்பாகத் தேவை. குச்சி ஈரமாக இருந்தாலும் வாஷ் வெளியே வரும். டிஷ்யூவில் ஒற்றினால் ஈரத்தடம் விழக்கூடாது.

கேள்வி: பேனல் கோடுகளின் மேல் கறுப்பு அடித்து, அதற்கு மேல் அடிநிறம் அடிக்கும் பிரீஷேடிங் நல்லதா? முழுக்கக் கறுப்பு அடித்துத் தொடங்கும் முறை நல்லதா?

பதில்: இரண்டாவது. பிரீஷேடிங்கில் ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரே மாதிரி இருண்ட சட்டம் விழுகிறது. நிஜ விமானம் அப்படி வெளுப்பதில்லை. வெயில் படும் மேற்பரப்பு அதிகம் வெளுக்கும். ஒரு மூடி மாற்றப்பட்டுப் புதிதாக இருக்கும். பக்கத்துத் தகடு கைபட்டு மங்கியிருக்கும். இந்த ஒழுங்கின்மை கறுப்பு அடித்தளத்தில் எளிதாக வரும்.

கறுப்பு பிரைமரோ கறுப்பு லாக்கரோ ஒன்றிரண்டு மெல்லிய கோட். அடிநிறத்தை 1-க்கு 3 அல்லது 4 பங்கு லெவலிங் தின்னர் (மெதுவாகக் காயும் லாக்கர் தின்னர்) சேர்த்து, ஏர்பிரஷில் 0.2 அல்லது 0.3 மி.மீ. ஊசியில், 10-12 பிஎஸ்ஐ அழுத்தத்தில், பரப்பிலிருந்து 1-2 செ.மீ. தூரத்தில் வைத்து ஒவ்வொரு தகட்டுக்குள்ளும் கிறுக்குங்கள். கை நிற்காமல் சுழல வேண்டும். ஒரு தகட்டில் நெருக்கமாக, அடுத்ததில் கொஞ்சம் விட்டு. கோட்டுக்கு மிக அருகே போகாமல் லேசாகக் கறுப்பு தெரிய விடுங்கள். சில தகடுகளில் வெள்ளையோ மணல் நிறமோ ஒரு துளி கலந்து கிறுக்கினால் வேறுபாடு கூடும். இந்தக் கட்டத்தில் விமானம் படுகேவலமாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

அடுத்தது இணைக்கும் கோட். அதே நிறம் இன்னும் மெல்லியதாக, 15 பிஎஸ்ஐ, 8-10 செ.மீ. தூரம். ஒரு சுற்று அடித்துவிட்டு ஐந்து நிமிடம் காய விட்டுப் பாருங்கள். ஈரத்தில் தெரியும் வேறுபாடு காய்ந்ததும் மாறும். கிறுக்கல் கிட்டத்தட்ட மறைந்து, சாய்த்துப் பார்த்தால் மட்டும் நிறம் அசைவது போலத் தோன்றும் நிலையில் நிறுத்துங்கள். பின்னால் வரும் கிளாஸ் கோட் வேறுபாட்டைக் கொஞ்சம் தூக்கும், கடைசி மேட் கோட் இறக்கும்.

கிறுக்கும்போது பெயின்ட் சிலந்திக்கால் போல நாலாபக்கமும் ஓடினால், கலவை நீர்த்துவிட்டது அல்லது கை ஒரே இடத்தில் நின்றுவிட்டது. அழுத்தத்தையும் குறைத்துப் பாருங்கள். தொட்டால் மணல் மாதிரி சொரசொரத்தால் தூரம் அதிகம். துளிகள் காற்றிலேயே காய்ந்து விழுகின்றன. அடித்துக்கொண்டிருக்கும்போதே பெயின்ட் நின்று நின்று தெறித்தால் ஊசி முனையில் காய்ந்திருக்கிறது. தின்னர் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். அக்ரிலிக்கில் இது அடிக்கடி வரும், சில துளி ரிடார்டர் (காய்வதைத் தாமதிக்கும் திரவம்) உதவும்.

கேள்வி: பெட்டியில் சொன்ன எண்ணிலேயே பெயின்ட் வாங்கியும் விமானம் கறுத்துத் தெரிகிறதே?

பதில்: சிறிய பரப்பில் அதே நிறம் அடர்த்தியாகத் தோன்றும். 1/72-க்குச் சுமார் 15 சதவீதம், 1/48-க்கு 10 சதவீதம் வெள்ளையோ வெளிர் சாம்பலோ கலப்பது பலரும் பின்பற்றும் வழக்கம். பச்சையில் வெள்ளை கலந்தால் புதினா நிறம் அடிக்கும், அங்கே மணல் நிறம் அல்லது மஞ்சள் கலந்த வெளிர் நிறம் கலக்கலாம். கறுப்பு டயரைக்கூட அடர் சாம்பலாக அடியுங்கள்.

கேள்வி: பழைய கிட் ஒன்றில் பேனல் கோடுகள் பள்ளமாக இல்லாமல் மேடாக இருக்கின்றன. எல்லாவற்றையும் தேய்த்துவிட்டுப் புதிதாக வெட்ட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. மெல்லிய மேட்டுக்கோடு, மோசமாக வெட்டிய பள்ளத்தைவிட எவ்வளவோ மேல். 800 எண் உப்புத்தாளால் உயரத்தைப் பாதியாகக் குறையுங்கள். பெயின்ட் முடிந்து வாஷ் விட்டால் மேட்டின் இரு பக்கமும் லேசாகத் தங்கும். அடிநிறத்தைவிட ஒரு படி அடர்ந்த நிறப் பென்சிலைக் கூராக்கி மேட்டின் மேல் ஓட்டினாலும் போதும். ஒட்டு இடங்களைத் தேய்க்கும்போது அழிந்த கோடுகளை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: டெக்கால்கள் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) மட்டும் புத்தம்புதிதாக, ஒட்டிய ஸ்டிக்கர் போலவே தெரிகின்றன.

பதில்: டெக்காலை கிளாஸ் பரப்பின் மேல்தான் ஒட்ட வேண்டும். மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மின்னும். ஒட்டிய பிறகு மைக்ரோ சால் போன்ற இளக்கும் திரவத்தைப் பூசினால் டெக்கால் சுருங்கிப் பிறகு தானே படியும். சுருங்கும்போது விரலால் தொடவே கூடாது. காய்ந்தபின் பேனல் கோடு போகும் இடத்தில் புதிய பிளேடால் மெல்லக் கீறி, மறுபடி ஒரு தடவை திரவம் விடுங்கள். மேலே ஒரு கிளாஸ் கோட் அடித்த பிறகே வாஷ். அப்போதுதான் கோடு டெக்கால் மேலும் அறுபடாமல் ஓடும். கடைசியாக அடிநிறத்தை 1-க்கு 10 நீர்க்க வைத்து டெக்கால் மேல் பனி மாதிரி ஒரு சுற்று அடித்தால் வண்ணம் விமானத்தோடு சேர்ந்துவிடும்.

கேள்வி: பெயின்ட் உரிந்த தடம், எக்ஸாஸ்ட் புகை எல்லாம் எவ்வளவு போடலாம்?

பதில்: முதலில் அந்த விமானம் எதனால் ஆனது என்று பாருங்கள். மஸ்கிட்டோ விமானத்தின் உடலும் இறக்கையும் மரம். அங்கே அலுமினிய உரிசல் போட்டால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஹரிகேனின் பின்னுடல் துணி போர்த்தியது, ஸ்பிட்ஃபயரின் ரடரும் அப்படியே. துணியில் உலோகம் தெரியாது, நிறம் வெளுக்கும் அவ்வளவே. உலோகப் பகுதியிலும் விமானி கால் வைத்து ஏறும் இறக்கை மூலை, அடிக்கடி கழற்றும் மூடிகளின் திருகுகள், புரொப்பெல்லரின் முன்விளிம்பு, இந்த இடங்கள் போதும். பளபளக்கும் வெள்ளி வேண்டாம், மங்கிய அலுமினியம் எடுங்கள். ஸ்பாஞ்சைப் பிய்த்து, பெயின்ட் தொட்டு, முக்கால்வாசியைக் காகிதத்தில் ஒற்றிவிட்டுத் தட்டுங்கள். 1/72-ல் நிஜத்தின் 1 செ.மீ. உரிசல் 0.14 மி.மீ.தான், கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தாலே அளவு மீறிவிட்டது.

புகையை ஒரே கறுப்பாக அடிக்காதீர்கள். ஈயம் கலந்த பெட்ரோலில் ஓடிய பிஸ்டன் எஞ்சின்கள், எரிபொருள் குறைத்து நீண்ட நேரம் பறக்கும்போது வெளிர் சாம்பல் படிவை விடும்; எரிபொருள் அதிகம் போனால் கரி. முதலில் மிக மெல்லிய கரும்பழுப்பை அகலமாகவும், அதன் நடுவே வெளிர் சாம்பல்பழுப்பைக் குறுகலாகவும் அடியுங்கள். காற்று இறக்கை வளைவில் எப்படித் திரும்புமோ அப்படியே புகையும் திரும்ப வேண்டும்.

விமானம்தாங்கிக் கப்பலின் ஜெட் வேறு ரகம். கடலுப்பால் துருப்பிடிக்கும் இடங்களைச் சுரண்டி அவ்வப்போது பெயின்ட் தொட்டுவைப்பார்கள். எனவே உரிசலுக்குப் பதிலாக, அடிநிறத்தோடு சரியாக ஒட்டாத சாம்பல் திட்டுகள்தான் அதற்கு அடையாளம்.

கேள்வி: வாஷ் விட்ட மறுநாள் லேண்டிங் கியர் கால் தானாக உடைந்துவிட்டது. பெயின்டால் பிளாஸ்டிக் உடையுமா?

பதில்: பெயின்டால் அல்ல, கரைப்பானால். அழுத்தத்தில் இருக்கும் பாலிஸ்டைரீனில் எனாமல் தின்னரோ லைட்டர் பெட்ரோலோ ஊறினால் வெடிப்பு விடும். பெயின்ட் படாத ஒட்டு இடம், இறுக்கிச் செருகிய கால், சக்கர அச்சு எல்லாம் ஆபத்தான இடங்கள். கால்களை முழுக்க கிளியர் அடித்து, பொருத்தும் முன்பே வாஷ் போட்டுக் காய வையுங்கள். அல்லது அங்கே மட்டும் தண்ணீரில் கரையும் வாஷ். உடைந்த காலில் 0.5 மி.மீ. துளையிட்டுப் பித்தளைக் கம்பி செருகினால் நிற்கும்.

கேள்வி: கடைசி மேட் கோட் அடித்ததும் விமானம் முழுக்க வெண்பனி பூத்துவிட்டது!

பதில்: காற்றில் ஈரம் அதிகமாக இருந்தபோது அடித்திருப்பீர்கள், அல்லது பளபளப்பைக் குறைக்கும் பொடி புட்டியின் அடியில் தங்கி அது மட்டும் வந்திருக்கும். புட்டியை இரண்டு நிமிடம் நன்றாகக் கலக்க வேண்டும். லாக்கர் வகை என்றால் லெவலிங் தின்னரை மட்டும் தூரத்திலிருந்து மெல்லிய மூட்டமாக அடித்தாலே பல சமயம் தெளிந்துவிடும். தெளியவில்லை என்றால் மெல்லிய கிளாஸ் கோட் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் மேட் பூச்சை மறுபடி இரண்டு மெல்லிய சுற்றில் அடியுங்கள். காக்பிட் கண்ணாடியின் மாஸ்கிங்கை (பெயின்ட் படாமல் ஒட்டிய மறைப்பு) அதுவரை உரிக்க வேண்டாம்.