மைக்ராஸ்கோப் படம் மங்குகிறது: அதிர்வுத் தடுப்பு மேசை வாங்குவதா, மென்பொருளிலேயே சரிசெய்வதா?

நீங்கள் கேட்டது இது: 100 மடங்கு ஆப்ஜெக்டிவில் (மாதிரியை ஒட்டியிருக்கும் லென்ஸ்) எடுக்கும் படங்களில் விளிம்புகள் இரட்டையாகவும் மங்கலாகவும் வருகின்றன. அதிர்வுத் தடுப்பு மேசைக்குப் பணம் கேட்பதா, அல்லது மென்பொருளில் சமாளித்துவிடலாமா?

பல குழுக்கள் மாறிமாறிப் பயன்படுத்தும் ஓர் இமேஜிங் கூடத்தில் மைக்ராஸ்கோப்புகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் என்பேன். என்ன ஆடுகிறது, எவ்வளவு ஆடுகிறது என்பதை முதலில் அளந்துவிடுங்கள். அதற்குத் தனிக் கருவி தேவையில்லை, உங்கள் கேமராவே போதும்.

ஒளிரும் நுண்மணிகள் கொஞ்சம் எடுத்து, கவர் கண்ணாடியில் காயவைத்து ஒட்டுங்கள். 0.2 மைக்ரான் அளவு நன்றாக இருக்கும், வெளிச்சம் போதவில்லை என்றால் 0.5. முழுப் படம் எடுக்காதீர்கள். ஒரு மணியைச் சுற்றிச் சின்னப் பட்டையாக வெட்டிக்கொண்டால்தான் கேமரா வேகமாக ஓடும். எக்ஸ்போஷர் (ஒரு ஃப்ரேமுக்கு ஒளி வாங்கும் நேரம்) 2 மில்லிசெகண்ட், நொடிக்கு 400 ஃப்ரேம், 5 நொடி. மைக்ராஸ்கோப் கேமராவை இயக்கும் மைக்ரோ-மேனேஜர் மென்பொருளிலேயே இதைச் செய்யலாம், இலவசம். பிறகு ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருளில் ட்ராக்மேட் ப்ளகினைக் கொண்டு ஒவ்வொரு ஃப்ரேமிலும் மணியின் மையத்தைக் கண்டுபிடித்து, அந்த எண்களுக்கு ஃபூரியர் உருமாற்றம் (ஆட்டத்தை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் கணக்கு) போடுங்கள். எந்த ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு எத்தனை ஆட்டத்தில், முள் போல ஒரு சிகரம் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

இதில் இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். நீங்கள் 400 என்று கேட்டாலும் கேமரா 400 கொடுத்ததா என்பதை மெட்டாடேட்டாவில் இருக்கும் நேரக்குறிப்பைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். அப்புறம், நொடிக்கு 30 ஃப்ரேமிலேயே இதைச் செய்து பார்க்காதீர்கள். 24 ஹெர்ட்ஸ் அதிர்வு அதில் 6 ஹெர்ட்ஸாக வேஷம் போட்டுக்கொண்டு வரும், நீங்கள் வேறு எதையோ தேடி அலைவீர்கள்.

வேஷம் போட்ட அந்த 24 ஹெர்ட்ஸ் என் சொந்தக் கதை. எங்கள் மைக்ராஸ்கோப் ஏற்கெனவே காற்றில் மிதக்கும் மேசையில்தான் இருந்தது. அப்படியும் படம் மங்கியது. மேசை பழசாகிவிட்டது, ஆக்டிவ் வகை (அதிர்வை உணர்ந்து எதிர்த்திசையில் அசைத்து அடக்கும் மேசை) ஒன்று வாங்கலாம் என்று விலைப்பட்டியல்கூட வந்துவிட்டது. நான் மணியை அளந்தபோது 24 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒற்றைச் சிகரம். அக்கம்பக்கத்து மோட்டார்களின் பெயர்ப்பலகைகளை டார்ச் அடித்துப் படித்துக்கொண்டே போனேன். அடுத்த அறையின் காற்று வெளியேற்றும் ப்ளோயரில் நிமிடத்துக்கு 1450 சுற்று என்று இருந்தது. 60-ஆல் வகுத்தால் 24.2. அதை நிறுத்தச் சொன்னேன், சிகரம் போய்விட்டது.

குற்றவாளி கிடைத்துவிட்டான், சரி. ஆனால் மேசை என்ன செய்துகொண்டிருந்தது? காற்று மேசையின் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் தானாக ஆடும் வேகம், சுமார் 2 ஹெர்ட்ஸ். காகிதக் கணக்கில் 24 ஹெர்ட்ஸ் அதிர்வு 140-ல் ஒரு பங்காகக் குறைய வேண்டும். நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது, ஆனாலும் படத்தைக் கெடுக்கும் அளவுக்கு மிஞ்சக் கூடாது. மேசையின் மூலையை விரலால் அழுத்தினேன், மெதுவாக இறங்கி ஏறியது. மிதக்கத்தான் செய்கிறது. பின்பக்கம் குனிந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கேமராவின் குளிர்நீர்க் குழாய், மின் கேபிள், டேட்டா கேபிள் எல்லாவற்றையும் யாரோ ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஒரே கட்டாகச் சேர்த்து, பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கி, சுவரில் இருந்த இரும்பு ரேக்கோடு விறைப்பாகக் கட்டியிருந்தார். தரையிலிருந்து வரும் அதிர்வைக் காற்றுக் கால்கள் தடுத்துக்கொண்டிருக்க, சுவர் வழியாக நேராகக் கேமராவுக்கே பாதை போட்டுக் கொடுத்தாயிற்று. பட்டையை வெட்டி, கேபிள்களைத் தளர்வாக வளைத்துத் தொங்கவிட்டு, மேசையிலேயே ஒரு முறை நங்கூரமிட்டேன். ப்ளோயர் ஓடும்போதே அளந்தேன், சிகரம் இரைச்சலுக்குள் மூழ்கிவிட்டது. விலைப்பட்டியல் கோப்பில் தூங்குகிறது.

எனவே மேசை இருந்தால் அதை எது தொடுகிறது என்று பாருங்கள். மேசை மேல் கணினி வைத்திருக்கிறார்களா, கேமராவுக்குள் விசிறி சுற்றுகிறதா, ஃபில்டர் சக்கரம் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் உதைக்கிறதா? மேசையின் மேலேயே பிறக்கும் அதிர்வைக் கீழே இருக்கும் காற்றுக் கால்களால் ஒன்றும் செய்ய முடியாது.

மேசை இல்லையென்றால் சிகரம் எங்கே இருக்கிறது என்பதே முடிவைச் சொல்லும். ரப்பரோ காற்றோ, எந்தச் சாதாரணத் தடுப்பானும் தன் இயல்பு அதிர்வெண்ணின் 1.4 மடங்குக்கு மேலேதான் தடுக்கத் தொடங்கும். அதற்குக் கீழே தடுக்காது, இயல்பு அதிர்வெண்ணிலோ கூட்டியே கொடுக்கும். ரப்பர் பட்டைகளுக்கு அது பெரும்பாலும் 10 ஹெர்ட்ஸ் பக்கம் என்பதால், மாடித் தளங்களின் 5 முதல் 15 ஹெர்ட்ஸ் ஆட்டத்துக்கு அவை உதவாது. காற்று மேசை 20, 30 ஹெர்ட்ஸுக்கு அருமை. ஆனால் மனிதர் நடக்கும்போது நொடிக்கு ஏறக்குறைய 2 முறை கால் பதிகிறது, அதாவது மேசை தானாகவே ஆட விரும்பும் அதே 2 ஹெர்ட்ஸ். ஆள் நடமாட்டம் உள்ள மாடியில் காற்று மேசை போட்டு முன்பைவிட மோசமானதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில்தான் ஆக்டிவ் வகைக்குக் கொடுக்கும் பணத்துக்கு அர்த்தம் உண்டு. அதற்கும் முன்னால் தரைத்தளத்தில், தூணுக்கு அருகில் இடம் கிடைக்குமா என்று கேளுங்கள். அதற்குச் செலவில்லை.

மென்பொருளுக்கு வருகிறேன். ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் இடையே படம் நகர்ந்திருந்தால் ஃபிஜியின் ஸ்டாக்ரெக் போன்ற ப்ளகின் ஃப்ரேம்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி அழகாக அடுக்கிக் கொடுக்கும். ஒரே ஃப்ரேம் திறந்திருக்கும்போதே ஆடியது என்றால் அந்த மங்கல் பிக்சலில் கலந்துபோனது. 100 மில்லிசெகண்ட் எக்ஸ்போஷருக்குள் 24 ஹெர்ட்ஸ் அதிர்வு இரண்டு முறைக்கு மேல் போய்த் திரும்பிவிடும், அதை எந்த அடுக்கலும் பிரித்தெடுக்காது. ஊசல் இரு முனைகளிலும் ஒரு கணம் தயங்குவது போல மாதிரிப் பொருளும் தயங்குவதால்தான் உங்கள் விளிம்புகள் இரட்டையாகத் தெரிகின்றன என்று நினைக்கிறேன். வெளிச்சம் இடம்கொடுத்தால் எக்ஸ்போஷரை 5 மில்லிசெகண்டாகக் குறையுங்கள். ஒவ்வொரு படமும் கூர்மையாகவும் இடம் மாறியும் வரும், அடுக்கிக் கூட்டிக்கொள்ளலாம். ஷட்டர் வரிசை வரிசையாகத் திறக்கும் கேமராவாக இருந்தால் நேர்கோடு பாம்பாக நெளியும், அதற்கு அடுக்கலும் உதவாது.

மங்கலைக் கணக்குப் போட்டு நீக்கும் டீகன்வல்யூஷனைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. லென்ஸ் ஒளியைப் பரப்பும் விதத்தை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. உங்கள் ப்ளோயரைப் பற்றி அதற்குத் தெரியாது. ஆடிய படத்தை அதில் போட்டால் இல்லாத வளையங்களும் கோடுகளும் முளைத்து, நம்பும்படியாகவும் இருக்கும்.

எவ்வளவு ஆட்டம் பொறுத்துக்கொள்ளலாம் என்பதற்கு என் கணக்கு: 6.5 மைக்ரான் பிக்சல், 100 மடங்கு என்றால் ஒரு பிக்சல் மாதிரியில் 65 நானோமீட்டர். ஒளியின் பிரிதிறன் எப்படியும் 200 நானோமீட்டர் பக்கம்தான். ஆட்டம் ஒரு பிக்சலுக்குள் இருந்தால் சாதாரண ஒளிர்வுப் படங்களுக்கு நான் கவலைப்படுவதில்லை. 1981-இல் பின்னிக், ரோரர் என்ற இயற்பியலாளர்கள், தனி அணுக்களைக் காட்டும் தங்கள் ஊடுருவல் நுண்ணோக்கியை (எஸ்.டி.எம்) அதிர்விலிருந்து காக்கக் காந்தத்தை மீக்கடத்தி ஈயக் கிண்ணத்தில் மிதக்கவிட்டுப் பார்த்தார்கள் என்றால், அவர்கள் அணுக்களைத் துரத்தினார்கள். நமக்கு அது வேண்டாம்.

படம் நிமிடக் கணக்கில் மெல்ல விலகினால் அது அதிர்வே இல்லை, வெப்பநிலை மாற்றம். அதற்கு மேசை வாங்குவது வீண்.

மணியை அளந்து வரைபடத்தைக் கீழே கருத்துப் பகுதியில் போடுங்கள், மேசையின் பின்பக்கப் புகைப்படத்தோடு. பார்த்துச் சொல்கிறேன்.