லண்டன் அக்காவின் கிட் எனக்கும் சரிவருமா?

முல்லைத்தீவு ஒட்டுசுட்டான் பக்கமிருந்து 52 வயதுப் பெண் ஒருவர் கேட்கிறார்: "லண்டனில் இருக்கும் அக்கா கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வீட்டிலேயே தானே மாதிரி எடுத்தாராம். இங்கே கிளினிக்கில் எல்லாம் தெரிந்த முகங்கள், வெட்கமாக இருக்கிறது. டவுனில் ஒருவர் அதே கிட் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். வாங்கட்டா? 45 வயதில் ஒருமுறை பப் (கருப்பைக் கழுத்துச் செல் பரிசோதனை) எடுத்தார்கள், முடிவு வரவே இல்லை. வேறு வருத்தம் இல்லை. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம், இடைக்கிடை ஒரு சொட்டு இரத்தம் படும், அவ்வளவுதான்."

வாங்காதீர்கள். முறையில் பிழை இல்லை. காது துடைக்கும் குச்சியைக் கொஞ்சம் நீட்டியது போல ஒன்று. யோனிக்குள் அரை விரல் அளவு விட்டு, சில தடவை சுழற்றி, குழாயில் போட்டு மூடுவது. கருப்பைக் கழுத்தைத் தொடத் தேவையில்லை, ஏனென்றால் தேடுவது இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி வைரஸை. நல்ல ஆய்வுகூடத்தில் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் முறையில் பார்த்தால், வைத்தியர் எடுத்த மாதிரிக்குக் கிட்டத்தட்ட ஈடாகவே இருக்கும்.

ஆனால் குச்சி பாதிதான், மீதிப் பாதி ஆய்வுகூடம். அக்காவின் குழாய் அவர் பெயரில் பதிந்து அந்த நாட்டு ஆய்வுகூடத்துக்கே திரும்பிப் போகும். உங்கள் குழாய் எங்கே போகும்? விற்பவரிடம் கேளுங்கள்: எந்த ஆய்வுகூடம், பாசிட்டிவ் என்றால் என்னை யார் பார்ப்பார்? விலை மட்டும் உடனே சொல்வார். என்னிடம் வந்த ஒருவர் 'பாசிட்டிவ்' என்ற ஒற்றைச் சொல் உள்ள தாளோடு இரண்டு கிழமை நித்திரை இல்லாமல் இருந்தார். வைரஸ் இருப்பது புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானாகவே போய்விடும். எப்போது தொற்றியது என்றும் சொல்ல முடியாது, அதனால் கணவரோடு சண்டை பிடிக்கவும் காரணமில்லை. 'கான்சர் மாக்கர்' இரத்தப் பரிசோதனை என்று பொதி கட்டி விற்பார்கள், அதுவும் இதற்கு உதவாது.

இனி அந்த "ஒரு சொட்டு". கடிதத்தின் கடைசியில் வைத்தீர்கள், நான் முதலில் வாசித்தது அதைத்தான். வீட்டில் எடுக்கும் பரிசோதனை, அறிகுறி ஒன்றும் இல்லாதவர்களுக்கானது. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்த பின் வரும் இரத்தம், சொட்டோ கறையோ, நேரில் பார்க்க வேண்டியது. குச்சியில் 'நெகட்டிவ்' வந்தாலும் பார்க்க வேண்டும். இரத்தம் கருப்பையின் உட்சுவரிலிருந்து வரலாம், அந்தக் குச்சி அங்கே எட்டிப் பார்க்காது. பலருக்கு உட்சுவர் மெலிந்ததோ சிறு தசை வளர்ச்சியோதான் காரணமாக இருக்கும். ஆனால் அதைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும், கிட் விற்பவர் அல்ல.

முடிவு வராத பப்பை 'நல்லது' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இலங்கையில் 1996 இல் தொடங்கிய, பெண்களைப் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குகள் 35, 45 வயதுகளைத்தான் முக்கியமாகக் குறிவைக்கின்றன. உங்களுக்கு 35 ஆன 2009 இல் மெனிக் பாம் அகதி முகாமில் படங்குக்குக் கீழே இருந்திருப்பீர்கள். யார் கூப்பிட்டார்கள் பப் எடுக்க? 45 இல் கூப்பிட்டவர்கள் தாளைத் தொலைத்துவிட்டார்கள். தவறிப்போன பெண்களைத் தேடிப் போக ஒரு பட்டியல்கூடப் போட முடியாதா என்று எனக்கு எரிச்சல் வருகிறது.

இந்தக் கிழமையே பொது வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்குப் போங்கள். தெரிந்த முகம் வேண்டாம் என்றால் முல்லைத்தீவை விட்டுக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போகலாம், பெண் வைத்தியர் இருக்கிறாரா என்றும் கேட்கலாம். நம்பர் துண்டு எடுக்கும் மேசையிலேயே, "மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் படுகிறது" என்று சொல்லிவிடுங்கள்.