பூங்காவுக்கு முதலில் எது வேண்டும்?

கேள்வி: எங்கள் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்காவைச் சீரமைக்கப் போவதாகச் சொல்லி, மக்களின் தேவைகளைக் கேட்டுத் தருமாறு குடியிருப்போர் நலச் சங்கத்திடம் கோரியிருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்டதில் எட்டு வடிவ நடைபாதையும் உடற்பயிற்சிக் கருவிகளும் முதலிடம் பெற்றன. அதையே எழுதிக் கொடுத்துவிடலாமா?
– சங்கச் செயலாளர், மடிப்பாக்கம்

பதில்: அது காலை நடைப்பயிற்சிக்கு வருபவர்களின் பட்டியலாக இருக்கும் என்றே நினைக்கிறேன். சங்கத்தின் குழுவில் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர்களே இருப்பார்கள். வாடகைக்குக் குடியிருப்போரும், வீட்டுவேலைக்கு வரும் பெண்களும், நண்பகலில் நிழல் தேடும் உணவு விநியோக ஊழியர்களும், பள்ளி விட்டதும் பந்தோடு வரும் சிறுவர்களும் அதில் இருக்க வாய்ப்பில்லை. எனவே காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் பூங்கா வாசலில் ஒருவரை நிறுத்தி, வருவோர் போவோரிடமும், எதிர்ச்சாரியில் நின்றும் உள்ளே வராதவர்களிடமும் கேளுங்கள்.

கேள்வியையும் சற்று மாற்றிக்கொள்ளுங்கள். ‘என்ன வேண்டும்?’ என்றால், பக்கத்து வார்டுப் பூங்காவில் பார்த்த கருவிகளின் பெயர்களைத்தான் சொல்வார்கள். ‘எது சரியில்லாததால் வருவதில்லை?’ என்றால், பூட்டியே கிடக்கும் கழிப்பறை, எரியாத விளக்கு, நண்பகலில் சாத்தப்படும் வாயிற்கதவு, பலகை உடைந்து சங்கிலி மட்டும் தொங்கும் ஊஞ்சல் என்று உண்மையான குறைகள் வெளிவரும். வியன்னா நகரில் 1990களின் பிற்பகுதியில் நடந்த ஆய்வில், ஏறத்தாழ ஒன்பது வயதுக்குப் பிறகு சிறுமிகள் பூங்காக்களுக்கு வருவது வெகுவாகக் குறைந்துவிடுவது தெரியவந்தது. திறந்தவெளியைப் பையன்களின் பந்தாட்டமே நிறைத்திருந்ததால், அதைச் சிறு பகுதிகளாகப் பிரித்தும் பாதைகளையும் விளக்குகளையும் மேம்படுத்தியும் இரண்டு பூங்காக்களை மாற்றியமைத்தார்கள். வராதவர்களைப் பற்றிக் கேட்டதால் கிடைத்த விடை அது. நம் ஊரிலும் இருட்டிய பிறகு பூங்காவில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், விளக்கா எட்டு வடிவப் பாதையா என்ற வழக்கு தானாகத் தீர்ந்துவிடும்.

பழுதுபார்ப்பு முதலில், புதிய கருவி பிறகு என்பதே என் கருத்து. திறப்பு விழாக் கல்வெட்டு வைக்கக் கழிப்பறைத் தாழ்ப்பாள் பயன்படாது என்பதால், இதை நீங்கள்தான் வற்புறுத்த வேண்டியிருக்கும். தமிழ்நாட்டின் நகரங்களில் 2022 நவம்பர் 1 முதல் வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்தப்படுகின்றன. பட்டியலை அங்கே வைத்துத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் வாக்கெடுப்பைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: எங்கள் தெருக்கோடியில் கோரை மண்டிய குட்டை ஒன்று உள்ளது. கரைக்குக் கல் பதித்து, பேவர் பிளாக் நடைபாதையும் படகுத்துறையும் அமைக்க வேண்டும் என்று பெரும்பான்மையோர் விரும்புகிறார்கள். எதிர்ப்பவன் நான் ஒருவன்தான். பெரும்பான்மைக்குக் கட்டுப்படுவதுதானே முறை?
– வாசகர், தாம்பரம் அருகே

பதில்: ஊஞ்சல் எங்கே இருக்க வேண்டும் என்பதை வாக்கெடுத்து முடிவு செய்யலாம்; மழைநீர் எங்கே தேங்க வேண்டும் என்பதை அப்படி முடிவு செய்ய முடியாது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைப் பயனற்ற சகதிக்காடு என்று எண்ணியதால்தான் அதன் ஒரு பகுதியில் நகரத்தின் குப்பையைக் கொட்டினார்கள், ஓரங்களில் கட்டடங்களை எழுப்பினார்கள். தென்சென்னையின் பல ஏரிகளில் நிரம்பி வழியும் நீர் அந்தச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி மூலம் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது என்பதைப் பெருமழைகள்தாம் நினைவூட்டின. சதுப்பில் சுமார் 1,247 எக்டேர் பரப்பு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்தது.

உங்கள் குட்டை சிறியதாயினும் வேலை அதுவேதான். அதற்கு முதல் தேவை நீர்வரத்துக் கால்வாயின் அடைப்பை நீக்குவதும், கழிவுநீர்க் குழாயைத் துண்டிப்பதும், உபரிநீர் வெளியேறும் கலங்கலைச் செப்பனிடுவதுமே. கரையைச் செங்குத்தாக்கிக் கல் பதித்தால், சரிவான சேற்றோரத்தில் இரை தேடும் மடையான் கொக்குக்கும், கோரைக்குள் கூடு கட்டும் தாழைக்கோழிக்கும் இடம் இருக்காது. அண்டை வீட்டாரைப் பகைத்துக்கொள்ளவும் தேவையில்லை: ஒரு பக்கக் கரையின் மேல் மண்பாதையும் இரண்டு மூன்று இருக்கைகளும் போதும், எதிர்ப்பக்கத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். கொசுவுக்குப் பயந்து கல் பதிக்கச் சொல்பவர்களிடம், கொசு பெருக முக்கியக் காரணம் சாக்கடை கலப்பதே, கோரை மட்டும் அன்று என்று எடுத்துச் சொல்லுங்கள். அடர்காடு வளர்க்கிறோம் என்று நீர்ப்பிடிப்பில் மரக்கன்றுகளை நெருக்கி நடுவதும் வேண்டாம். அப்படி நெருக்கி நடும் மியாவாக்கி முறை தரிசான மேட்டு நிலத்துக்குப் பொருந்தலாம், குட்டைக்குள் பொருந்தாது.

கேள்வி: எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று காட்டிய இடம் பத்து ஆண்டுகளாக வாகன நிறுத்தமாகவே இருக்கிறது. இனி மீட்க முடியுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முடியும். 2019ஆம் ஆண்டின் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலான நிலத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். உங்கள் மனைப்பிரிவு அதற்கு முந்தையது என்றால், அங்கீகாரம் பெற்ற காலத்து விதியைப் பாருங்கள். பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்க 1959ஆம் ஆண்டிலேயே மாநிலத்தில் தனிச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. பெங்களூருவில் பூங்காவுக்கு ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது அப்பகுதி மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. மருத்துவமனைக்கே கொடுக்க முடியாத இடத்தைக் கார்களுக்குக் கொடுக்க முடியுமா?

அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலையும் தானப் பத்திரத்தின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் முதலில் கேட்டுப் பெறுங்கள். அவை கைக்கு வந்ததும், நில அளவையர் மூலம் எல்லை அளந்து வேலி போடும்படி மாநகராட்சி ஆணையருக்கு எழுதுங்கள். பெஞ்சும் செடிகளும் அதற்குப் பிறகு வரட்டும்.