உள்ளூக்கம் என்றால் என்ன? மதிப்பெண் ஆசை அதைக் கெடுக்குமா?

பரிசோ மதிப்பெண்ணோ இல்லாவிட்டாலும், விஷயம் பிடித்துப்போய்ப் படிக்க வைக்கும் ஆர்வம்தான் உள்ளூக்கம்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்குச் சோமா என்ற கட்டைப் புதிரைக் கொடுத்தார். ஒரு பகுதியினருக்கு மட்டும் புதிருக்கு 1 டாலர். காசு நின்றதும், ஓய்வு நேரத்தில் அவர்கள் புதிரைத் தொடுவது குறைந்தது. 'பிடித்திருக்கிறது' என்பது 'காசுக்காகச் செய்கிறேன்' என்று மனதுக்குள் மாறிவிடுகிறது.

மார்கழிக் கோலம் மாதிரிதான். ஆசையாகப் போடுபவரைப் போட்டிக்கு இழுத்தால், கண் கோலத்தில் இருக்காது, நடுவர் முகத்தில் இருக்கும். பொறியியல் வகுப்பில் 'இது தேர்வுக்கு வருமா?' என்ற கேள்வியும் (என் கணிப்பில்) இதே ரகம்.

பாராட்டும் கெடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, டெசியின் இன்னொரு சோதனையில், வாயாரப் பாராட்டப்பட்டவர்களின் ஆர்வம் குறையவில்லை.