வாசகர் கேள்விகள்: செய்தியாளரும் தடுப்புக் காவலும்

போர் நடக்கும் பகுதிகளில் செய்தியாளர்கள் சிறை வைக்கப்படுவதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதிலளிக்கிறோம்.

சட்டப்படி ஆணை பிறப்பித்துத்தானே செய்தியாளர்களைக் காவலில் வைக்கிறார்கள்? பிறகு அதை எதேச்சதிகாரம் என்று எப்படிச் சொல்ல முடியும்?
– வாசகர், கும்பகோணம்

சட்டத்தை மீறிப் பிடித்து வைத்தால் மட்டுமே அது எதேச்சதிகாரம் என்று பலரும் எண்ணுகிறோம். நடைமுறையில் பெரும்பாலான செய்தியாளர்கள் அதற்கென்றே இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் கீழ், முறையாகக் கையெழுத்திட்ட ஒரு தாளின் பேரில்தான் உள்ளே போகிறார்கள். நம் ஊரில் ஒருவர் மீது குண்டாஸ் போட்டார்கள் என்று கேள்விப்படும்போது நடப்பது என்ன? நடந்த குற்றத்துக்கு நீதிமன்றம் விதித்த தண்டனை அல்ல அது. இனி நடந்துவிடக்கூடும் என்று ஓர் அதிகாரி கருதியதால், அதிகபட்சம் 12 மாதம் வரை நீளக்கூடிய தடுப்புக் காவல். நம் அரசியலமைப்பின் 22ஆம் பிரிவே இத்தகைய காவலுக்கு இடம் தருகிறது. ஆனாலும் அந்த ஆணையைப் பரிசீலிக்க அறிவுரைக் கழகம் உண்டு. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். அந்த மனுக்களால் ரத்தாகும் ஆணைகளும் ஏராளம்.

குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு எதேச்சையான காவலைத் தடை செய்கிறது. உள்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் காவலும், நியாயமற்றதாகவோ தேவையற்றதாகவோ இருந்தால், அந்தத் தடைக்குள் வந்துவிடும். எதேச்சையான காவலை ஆராய 1991இல் ஐ.நா. அமைத்த, ஐந்து வல்லுநர்களைக் கொண்ட பணிக்குழு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. கருத்துரிமையைப் பயன்படுத்தியதற்காக ஒருவர் அடைக்கப்பட்டிருந்தால், அவர்மீது பாய்ந்த சட்டம் எதுவாயினும், அக்குழுவின் கணக்கில் அது எதேச்சையான காவலே.

இலங்கைச் செய்தியாளர் திசைநாயகத்தின் வழக்கை விளக்க முடியுமா? எழுதியதற்காகவா 20 ஆண்டு?
– வாசகி, காரைக்குடி

ஆம், எழுதியதற்காகத்தான்: இரண்டு கட்டுரைகளுக்காகவும், அவை வந்த இதழை நடத்தப் பணம் திரட்டியதற்காகவும். ஜெ. எஸ். திசைநாயகம் கொழும்பில் ஆங்கிலத்தில் எழுதிவந்த தமிழர். 2008 மார்ச் மாதம், அச்சகம் நடத்திவந்த அவருடைய நண்பரையும் நண்பரின் மனைவியையும் பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவினர் பிடித்துச் சென்றனர். மறுநாள், 7ஆம் தேதி, அவர்களைப் பற்றி விசாரிக்கச் சென்ற திசைநாயகத்தையும் அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். ஆகஸ்ட் பிற்பகுதி வரை, ஏறத்தாழ ஐந்தரை மாதம், அவர்மீது குற்றச்சாட்டு எதுவும் பதிவாகவில்லை.

இத்தனை மாதங்கள் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். 1979இல் தற்காலிகமானது என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டு, பின்னர் நிரந்தரமாகிவிட்ட இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம், மும்மூன்று மாதமாக மொத்தம் 18 மாதம் வரை ஒருவரைக் குற்றச்சாட்டின்றி வைத்திருக்க அமைச்சருக்கு அதிகாரம் அளித்திருந்தது. (2022இல் வந்த திருத்தம் இதை 12 மாதமாகக் குறைத்தது.) என் பார்வையில் அந்தக் கால அளவைவிட ஆபத்தானது வாக்குமூலம் பற்றிய பிரிவு. சாதாரண வழக்குகளில் போலீசாரிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. நம் நாட்டிலும் பொது விதி அதுதான். ஆனால் இந்தச் சட்டத்தின் கீழ் உதவி போலீஸ் அத்தியட்சகர் அல்லது அவருக்கு மேற்பட்ட அதிகாரி பதிவு செய்த வாக்குமூலம் செல்லும். அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும், பல மாதம் அந்த அதிகாரிகளின் பிடியிலேயே இருந்த கைதியின் தலையில்தான் விழும். திசைநாயகம் தம் வாக்குமூலம் அழுத்தத்தால் பெறப்பட்டது என்றார், நீதிமன்றம் ஏற்கவில்லை.

கட்டுரைகள் இரண்டும் 2006இல் நார்த் ஈஸ்டர்ன் மந்த்லி என்ற சிறு மாத இதழில் வந்தவை. தமிழர்கள் கொல்லப்படுவதில் அரசுப் படைகளுக்குப் பங்கிருப்பதாக ஒன்று சொன்னது. கிழக்கு இலங்கையின் வாகரைப் பகுதி மக்களுக்கு உணவும் மருந்தும் மறுக்கப்பட்டு அவர்கள் வெளியேற்றப்படுவதை இன்னொன்று சொன்னது. இவை இனங்களுக்கிடையே பகைமை மூட்டும் எழுத்துகள் என்றது அரசுத் தரப்பு. இதழை நடத்தப் பணம் திரட்டியது, பயங்கரவாதத்துக்குப் பணம் திரட்டியதாக மூன்றாவது குற்றச்சாட்டானது. போர் முடிந்து மூன்று மாதம் கடந்தபின், 2009 ஆகஸ்ட் 31 அன்று, கொழும்பு மேல் நீதிமன்றம் 20 ஆண்டு கடூழியச் சிறை விதித்தது.

அதற்குள் அவர் பெயர் உலகறிந்ததாகியிருந்தது. அவ்வாண்டு ஊடகச் சுதந்திர நாளையொட்டி அமெரிக்க அதிபர் ஒபாமா வெளியிட்ட அறிக்கையிலும் அது இடம்பெற்றது. 2010 ஜனவரியில் பிணை கிடைத்தது. மே 3 அன்று, அதே ஊடகச் சுதந்திர நாளில், ஜனாதிபதி மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. தேதியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு விளம்பர உணர்வு இருந்ததென்றே கொள்ள வேண்டும். அவரை விடுவித்தது மேல்முறையீட்டுத் தீர்ப்பன்று, மன்னிப்பு. செய்யாத குற்றத்துக்குக் கிடைக்கும் மன்னிப்பில் ஒரு கசப்பு இருக்கவே செய்யும்.

ஆயுதக் குழுக்களோடு பழகும் செய்தியாளரைப் படையினர் சந்தேகிப்பது இயல்புதானே? நான் எல்லையில் பணியாற்றியவன் என்பதால் கேட்கிறேன்.
– முன்னாள் படைவீரர், வேலூர்

சந்தேகிப்பது இயல்பு என்பதை மறுக்க மாட்டேன். குண்டு வெடித்த இடத்துக்கு ஒருவர் கேமராவுடன் உடனே வந்துவிட்டால், இவருக்கு முன்கூட்டியே எப்படித் தெரிந்தது என்ற கேள்வி எந்தப் படைவீரருக்கும் எழும், விசாரிப்பதும் கடமை. சிக்கல், விசாரணை முடிந்தபிறகும் ஆளை விடாமல் வைத்திருப்பதில்தான் தொடங்குகிறது.

இராக்கில் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் புகைப்படக்காரராக இருந்த பிலால் ஹுசைன், 2005இல் புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் ஒருவர். 2006 ஏப்ரல் 12 அன்று ரமாதி நகரில் அமெரிக்கப் படையினர் அவரைப் பிடித்தனர். கிளர்ச்சியாளர்களோடு தொடர்புடையவர் என்று சொன்னார்களே தவிர, ஒன்றரை ஆண்டுக்கு மேல் எந்த நீதிமன்றத்துக்கும் கொண்டுபோகவில்லை. இறுதியில் இராக் நீதிபதிகள் குழு பொதுமன்னிப்புச் சட்டத்தின் கீழ் வழக்கைக் கைவிட, 2008 ஏப்ரல் 16 அன்று விடுதலையானார். இரண்டு ஆண்டும் நான்கு நாளும் அவரை வைத்திருக்கும் அளவுக்குச் சான்று இருந்திருந்தால், ஒரு நீதிபதியிடம் அதைக் காட்டத் தயங்கியிருக்க வேண்டியதில்லை.

ஜெனீவா ஒப்பந்தங்கள் செய்தியாளரைப் பாதுகாக்கவில்லையா?
– இதழியல் மாணவி, திருநெல்வேலி

அந்த ஒப்பந்தங்களோடு 1977இல் சேர்க்கப்பட்ட முதல் கூடுதல் நெறிமுறை, 79ஆம் பிரிவில், போர்க்களத்தில் பணிபுரியும் செய்தியாளரைப் போரில் ஈடுபடாத பொதுமக்களுள் ஒருவராகவே கருத வேண்டும் என்கிறது. அதாவது அவரைக் குறிவைத்துச் சுடக் கூடாது. கைது செய்யவே கூடாது என்று அது சொல்லவில்லை. அதோடு அந்த நெறிமுறை நாடுகளுக்கிடையிலான போருக்கானது. உள்நாட்டுப் போரில் செய்தியாளருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் அந்நாட்டின் சட்டமும் நீதிமன்றமும்தான்.

நீதிமன்றம் பிணை கொடுத்துவிட்டால் வெளியே வந்துவிடலாம் அல்லவா?
– வாசகர், தருமபுரி

காஷ்மீர்ச் செய்தியாளர் ஆசிஃப் சுல்தானுக்கு அப்படி நடக்கவில்லை. கொல்லப்பட்ட தீவிரவாதத் தளபதி புர்ஹான் வானி பற்றி அட்டைப்படக் கட்டுரை எழுதிய சில வாரங்களில், 2018 ஆகஸ்டில், தீவிரவாதிகளுக்கு உதவினார் என்ற குற்றச்சாட்டில் கைதானார். 2022 ஏப்ரலில் பிணை கிடைத்தது. ஆனால் அவர் வீடு திரும்புமுன், விசாரணையின்றி அடைத்து வைக்க இடம் தரும் பொதுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடுப்புக் காவல் ஆணை வந்தது. மரக் கடத்தல்காரர்களை ஒடுக்கத் தேவை என்று சொல்லி 1978இல் கொண்டுவரப்பட்ட சட்டம் அது. 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்த ஆணையையும் ரத்து செய்தது; அலுவல் நடைமுறைகள் முடிந்து அவர் வெளியே வர 2024 பிப்ரவரி இறுதி ஆயிற்று. வீடு திரும்பிய ஓரிரு நாளில் மீண்டும் பிடித்தார்கள். இம்முறை, 2019இல் ஸ்ரீநகர் மத்திய சிறைக்குள் நடந்த கலவரம் பற்றிய வழக்கு. அதிலும் அவ்வாண்டு மே மாதம் பிணை கிடைத்தது.