ஒன்றை மட்டும் தெரிவுசெய்க (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

நான் கொழும்பில் இரசாயனப் பொறியியலில் முதுதத்துவமாணிப் பட்ட ஆய்வு செய்கிறேன். குடிநீரைச் சுத்திகரிக்கும் மென்சவ்வுகள்தான் என் பகுதி. எங்கள் செயற்றிட்டத்தில் மருத்துவம், புவிச்சரிதவியல், விவசாயம், சமூகவியல் என்று என்னுடையதோடு மொத்தம் ஐந்து துறைகள். பரிசோதனைகளில் பாதியைச் செய்தது நான். ஆனால் போன மாதம் அனுப்பிய கட்டுரையில் என் பெயர் ஐந்தாவது. கூட்டாய்வு என்பதே பெரியவர்கள் சின்னவர்களின் உழைப்பைப் பங்குபோடும் ஏற்பாடுதானா? விலகிவிட்டுத் தனியாக ஏதாவது செய்யலாமா? தனி விஞ்ஞானியின் காலம் முடிந்துவிட்டதா? தமிழ் ஆய்வாளர்கள் நாமே ஒரு குழு அமைத்தால் என்ன? அடுத்த கட்டக் கள ஆய்வு வவுனியாவில் தொடங்கப் போகிறது. அதற்கு முதல் ஒரு முடிவு எடுக்க வேண்டும்.

க., தெஹிவளை
(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தம்பி,

நீர் அனுப்பிய முழுக் கடிதத்தில் ஐந்தாவது பெயரைப் பற்றிப் பந்தி பந்தியாக இருக்கிறது. வவுனியாவுக்கு ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில்.

பெயர் விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம். ஹிக்ஸ் போசன் என்ற அடிப்படைத் துகளின் திணிவை அளந்து, சேர்ன் ஆய்வுகூடத்தின் அட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் 2015இல் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டன. எழுதியவர்கள் 5,154 பேர். 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்களும் அவர்களுடைய நிறுவனங்களும்தான். அங்கே போய் நான் ஐந்தாவது என்று யாராவது அழுதால், கொடுத்து வைத்தவர் என்று தோளில் தட்டுவார்கள். கணிதக்காரர்கள் பெரும்பாலும் அகரவரிசையில் போடுவார்கள். மருத்துவத்தில் கடைசிப் பெயர்தான் பெரியவருடையது. ஐந்து துறைக்கு ஐந்து வழக்கம். எந்த வழக்கப்படி எழுதப்போகிறோம் என்று முதல் நாளே கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்திருக்க வேண்டாமா? நீரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. உம்முடைய கோபம் நியாயம். ஆய்வுகூடத்தில் இராத்திரி தனியே இருந்து அளந்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் அதற்காக விலகுவது சின்னப்பிள்ளை வேலை.

தமிழருக்குத் தனிக் குழு? வேண்டாம். ஒன்று தொடங்கினால் அடுத்த வருடம் இரண்டாகும், அதற்கடுத்த வருடம் இரண்டுக்கும் ஆண்டுவிழா நடக்கும். தனி விஞ்ஞானியின் காலம் பற்றிய கேள்வியைப் பட்டிமன்றத்துக்கு விட்டுவிடுவோம்.

இனி வவுனியா.

நீர் போவது சிறுநீரக நோய் பற்றிய ஆய்வுக்கு என்று கடிதத்தின் மற்றப் பகுதியிலிருந்து விளங்கிக்கொண்டேன். 1990களில் வடமத்திய மாகாணத்தில் மதவாச்சி, பதவியா பக்கத்து வயற்காரரிடையே தெரியவந்த நோய் இது. நீரிழிவும் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை, ஆனால் சிறுநீரகம் மெல்ல மெல்லச் செயலிழக்கிறது. கட்மியம் என்றார்கள், ஆசனிக் என்றார்கள், புளோரைட்டும் கடின நீரும் சேர்ந்து செய்கிற வேலை என்றார்கள். வெயிலும் உடல் நீர் வற்றுவதும் என்றார்கள். நிக்கராகுவாவிலும் எல் சல்வடோரிலும் கரும்புத் தோட்டத் தொழிலாளருக்கு இதைப்போன்ற நோய் இருக்கிறது. களைநாசினிதான் காரணம் என்று 2015இல் கிளைபோசேற்றைத் தடைசெய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப அனுமதித்தார்கள். காரணம் இதுதான் என்று இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை.

ஆட்கள் போதாமல் இப்படி ஆகவில்லை. போகாத துறை இல்லை. கொழும்பு ஏழில் குத்துவிளக்கு ஏற்றி, வெற்றிலை கொடுத்து, புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் படம் எடுத்து, பற்றிஸும் ரோல்ஸும் சாப்பிட்டுக் கலைந்த கூட்டங்கள் சிலவற்றில் மொழிபெயர்ப்பாளராக நானும் இருந்திருக்கிறேன். ஒரு தடவை அப்படி ஒரு குழுவுடன் வவுனியாப் பக்கம் களத்துக்கும் போனேன். எந்தக் குழு என்பது வேண்டாம்.

ஒரு அம்மாவின் வீடு. தாதி முற்றத்தில் கதிரை போட்டு இரத்தம் எடுத்தார். இரசாயனவியல் மாணவன் வளவில் இருந்த குழாய்க் கிணற்றில் போத்தல் நிரப்பி, இரண்டு சொட்டு அமிலம் விட்டு ஐஸ் பெட்டிக்குள் வைத்தான். சமூகவியல் மாணவி கையில் வினாக்கொத்து. இரத்தக் குழாய், போத்தல், தாள் மூன்றிலும் ஒரே இலக்கம் அச்சிட்ட ஒட்டி. அன்றைய கூட்டாய்வு முழுவதும் அந்த ஒட்டியில்தான் இருந்தது.

வினாக்கொத்தில் ஒரு கேள்வி: “குடிநீர் மூலம் (ஒன்றை மட்டும் தெரிவுசெய்க).” கட்டுக்கிணறு, குழாய்க் கிணறு, குழாய்நீர், குளம், வேறு. வாசித்துக் காட்டினேன். அந்த அம்மா என்னைப் பார்த்தா.

“எந்தத் தண்ணியைச் சொல்ல பிள்ளை? கலியாணம் முடிச்சு வந்த நேரம் மாமாவின்ர வளவுக் கட்டுக்கிணறு. அது உவர். ஆனா இருவது வருசம் அதைத்தான் குடிச்சனாங்கள். பிறகு இடம்பெயர்ந்து முகாமில பவுசர் தண்ணி. திரும்பி வந்தாப்பிறகு இந்தக் குழாய்க் கிணறு. இப்ப ரெண்டு வருசமா காசு குடுத்து வடிச்ச தண்ணி வாங்குறம்.”

நான் முழுவதையும் சிங்களத்தில் சொன்னேன். மாணவி நல்ல பிள்ளை, சங்கடப்பட்டாள். “இப்ப குடிக்கிறதை மட்டும் கேளுங்கோ ஆன்ட்டி, ஒரு கட்டத்துக்குத்தான் இடம் இருக்கு.” ‘வேறு’ என்பதில் ஒரு சரி அடையாளம் விழுந்தது.

தம்பி, இதை ஆறுதலாக யோசித்துப் பாரும். தாளில் இருப்பது வாங்குகிற தண்ணீர். போத்தலில் இருப்பது குழாய்க் கிணற்றுத் தண்ணீர். இரத்தத்தில் தெரியும் சேதமோ ஆண்டுக்கணக்கில் நடந்தது, தண்ணீரில்தான் காரணம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த உவர்க் கிணற்றை. மூன்று தண்ணீரையும் ஒரே இலக்கத்தின் கீழ் ஒரே வரிசையில் கணினியில் ஏற்றுவார்கள். அதிலிருந்து ஒரு தொடர்பு வரும், அல்லது வராது. இரண்டுமே கட்டுரையாகும்.

இத்தனைக்கும் அங்கே ஒருவரும் தம் வேலையைப் பிழையாகச் செய்யவில்லை. தாதி சரி, போத்தல் சரி, அமிலம் சரி. “இதற்கு முதல் எங்கெங்கே, எத்தனை வருடம், எந்தத் தண்ணீர்?” என்ற கேள்விதான் ஒருவருடைய பாடவிதானத்திலும் இல்லை. தண்ணீர் இரசாயனக்காரருடையது என்று வைத்தியர் நினைக்கிறார். ஆட்களின் கதை சமூகவியலுடையது என்று இரசாயனக்காரர் நினைக்கிறார். நோய் எத்தனை வருடத்தில் முற்றும் என்பது சமூகவியல் மாணவிக்கு யாரும் சொல்லவில்லை. ஆவணி வறட்சியில் செறிந்து கிடக்கும் கிணற்று நீரும் மாரி முடிந்து தையில் அள்ளும் நீரும் ஒன்றல்ல என்பது புவிச்சரிதவியலாளருக்குத் தெரியும். அவர் வேறு மாதம், வேறு வாகனத்தில் வந்து போனார்.

வைத்தியருடைய தாளில் பொறியியலாளர் ஒரு கேள்வி சேர்க்கிறார், அதை வைத்தியர் முகம் சுழிக்காமல் ஏற்கிறார் என்றால் அங்கே கூட்டாய்வு தொடங்கிவிட்டது. அந்தச் சண்டை களத்துக்குப் போக முதல் நடக்க வேண்டும். நீங்கள் எல்லோரும் அதை விட்டுவிட்டு, ஆய்வு முடிந்த பிறகு பெயர் வரிசைக்குச் சண்டை பிடிக்கிறீர்கள்.

இந்தத் தீவுக்கு இது புதிதும் அல்ல. 1934இல் மழை பொய்த்தது. தெதுறு ஓயாவும் மகா ஓயாவும் ஓட்டம் நின்று குட்டை குட்டையாகத் தேங்கின. அந்தக் குட்டைகளில் அனோபிலிஸ் நுளம்பு பெருகியது. மலேரியாவுக்குப் பழக்கப்படாத ஈரவலயத்துச் சனம் விழுந்தது. சுமார் 80,000 பேர் செத்தார்கள். மழைக்கணக்கு ஒரு துறை, ஆற்று நீர் ஒரு துறை, நுளம்பு ஒரு துறை, காய்ச்சல் ஒரு துறை. நான்கையும் ஒரு மேசையில் வைத்தால்தான் அது ஒரே கதை என்று தெரியும். பிறகு மருந்தடித்து, 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளர் என்ற அளவுக்குக் கொண்டுவந்தோம். கவனம் தளர்ந்ததும் 1968-69இல் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் கிடைக்க 2016 ஆகிவிட்டது. அதில் வீடு வீடாக மருந்தடித்தவர்களின் பெயர் எந்தக் கட்டுரையில் எத்தனையாவது என்று தேடிப் பாரும். தேடிவிட்டு உம்முடைய ஐந்தாவது இடத்தைப் பற்றி எனக்கு எழுதும்.

அந்த அம்மா வேறொன்றும் கேட்டா. “போனமுறை வந்தவையும் ரெத்தம் எடுத்துக்கொண்டு போனவை. என்ன எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே?” குழுத் தலைவரிடம் சொன்னேன். “அதுதான் கட்டுரை வந்துவிட்டதே” என்றார். ஆங்கிலத்தில், சந்தா கட்டி வாசிக்கும் சஞ்சிகையில். எனக்கு வாயில் வந்ததை அன்று நான் எந்த மொழியிலும் பெயர்க்கவில்லை.

ஆகவே விலகாதேயும். பெயர் வரிசையை அடுத்த கூட்டத்தில் வெளிப்படையாகக் கேட்டுக் குறிப்பில் ஏற்றும். இரத்த முடிவை யார், எப்போது, எந்த மொழியில் அந்த வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சொல்வது என்பதையும் அதே கூட்டத்தில் கேளும். நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பிய படிவத்தில் அதற்கு ஏதாவது பதில் எழுதியிருப்பார்கள், எடுத்து வாசியும்.

தமிழ் வினாக்கொத்தை அச்சடிக்க முதல் எனக்குக் காட்டும். காசு வேண்டாம். வருகிற போயாவன்று வெள்ளவத்தைக்கு வாரும், காலையில் வீட்டில்தான் இருப்பேன். ஐந்து துறையினுடையதும் வேண்டும். உம்முடையதை மட்டும் தூக்கிக்கொண்டு வராதேயும்.