இரண்டாம் உலகப் போரின் போக்கை மாற்றிய திருப்பங்கள் எவை?

பலரும் சோவியத் நகரமான ஸ்டாலின்கிராடில் நடந்த சண்டை என்பார்கள். தப்பில்லை. ஆனால் என்னைக் கேட்டால், 1941 டிசம்பரில் வந்த அந்த ஒரு வாரம்தான் முதல் பெரிய திருப்பம். 5-ஆம் தேதி மாஸ்கோவுக்கு வெளியே சோவியத் படை எதிர்த்தாக்குதலைத் தொடங்கியது. 7-ஆம் தேதி ஜப்பான், ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. 11-ஆம் தேதி ஹிட்லர் தாமாகவே அமெரிக்கா மீது போர் அறிவித்தார். வம்பை விலை கொடுத்து வாங்குவது என்றால் இதுதான்.

அப்புறம் 1942 ஜூனில், பசிபிக் கடலில் அமெரிக்கா வசமிருந்த மிட்வே தீவை ஒட்டி நடந்த சண்டை. ஜப்பானிய ரகசியச் செய்திகளில் ‘ஏஎஃப்’ என்றோர் இடம் அடிபட்டது. அது மிட்வேதானா என்று பார்க்க, தீவில் குடிநீர் இயந்திரம் பழுது என்று அமெரிக்கர்கள் வெளிப்படையாகவே ஒரு பொய்யை ஒலிபரப்பினார்கள். ‘ஏஎஃப்-இல் தண்ணீர்ப் பஞ்சம்’ என்று ஜப்பான் தரப்பு செய்தி அனுப்ப, குட்டு உடைந்தது. ஜூன் 4 காலை பத்தரை மணிவாக்கில், சில நிமிடங்களுக்குள் மூன்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் தீப்பற்றின. நான்காவதும் அன்றே அடி வாங்கியது.

சரி, ஸ்டாலின்கிராட். 1942 நவம்பர் 19 அன்று சோவியத் படை நகருக்குள் மோதாமல், பக்கவாட்டில் பலவீனமாக நின்ற ருமேனியப் படைகளை உடைத்தது. நான்கே நாளில் ஜெர்மனியின் ஆறாம் படை வளைக்கப்பட்டது. விமானத்தில் உணவும் வெடிமருந்தும் தருவதாக ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் சொன்னது நடக்கவில்லை. ஆறாம் படையின் தளபதி பவுலஸை ஹிட்லர் ஃபீல்டு மார்ஷல் ஆக்கினார். ஜெர்மன் ஃபீல்டு மார்ஷல் யாரும் அதுவரை சரணடைந்ததில்லை, அதனால் இவரும் சரணடைய மாட்டார் என்பதுதான் கணக்கு. மறுநாளே, 1943 ஜனவரி 31-இல், பவுலஸ் சரணடைந்தார்.

1944-இல் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் தரையிறங்கியதை நான் திருப்பமாகச் சேர்ப்பதில்லை. அதற்குள் ஜெர்மனி தோற்கும் பக்கம் சாய்ந்துவிட்டது.